ரெஜிஸ் மச்சாதுவின் காது

தூத்துக்குடியில் டீசல் பஸ்கள் போய் மின்சார மினிபஸ்கள் வந்தபோது ஊர் முதலில் சந்தோஷப்பட்டது, அப்புறம் பயந்தது. புகை இல்லை, இரைச்சல் இல்லை. ஆனால் வண்டி முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பதும் தெரியவில்லை. ஒரு மாடு, ஒரு ஐஸ் வண்டி, ஊர்வலத்தில் பின்தங்கிய ஒரு கவுன்சிலர் என்று வரிசையாக இடிபட்ட பிறகு, மின்சார வண்டிகள் எல்லாம் ஓடும்போது ஒலி எழுப்ப வேண்டும் என்று விதி வந்தது. என்ன ஒலி என்று விதி சொல்லவில்லை. முதலாளிகள் அவரவர் ரசனைப்படி ஒலிப்பெட்டி வாங்கி வண்டியின் மூக்குக்குக் கீழே மாட்டினார்கள். ஒரு வண்டி நாதஸ்வரம் வாசித்தது. ஒன்று கைக்குழந்தை மாதிரி சிரித்தது. ஒன்று ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடியை விடாமல் சொல்லிக்கொண்டு போனது. பழைய பஸ் நிலையத்தில் எல்லாம் ஒன்றுசேர்ந்தால் கல்யாணமும் இழவும் ஒரே பந்தலில் நடக்கிற மாதிரி இருக்கும்.

ஊருக்கு ஒரு மாதத்தில் பழகிவிட்டது. ரெஜிஸ் மச்சாதுவுக்கு மட்டும் பழகவில்லை.

ரெஜிஸுக்கு இருபத்தாறு வயது. ஆட்டிசம் என்றும், அறிவு வளர்ச்சியில் கொஞ்சம் பின்தங்கல் என்றும், ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத குணம் என்றும் பள்ளிக்கூட நாளிலேயே மருத்துவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் செய்யவில்லை. அப்பா, அம்மா இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அக்கா ஜெனோவாதான் பார்த்துக்கொண்டாள். அவள் இராத்திரி வேலை முடித்துப் பகலில் தூங்கும் நேரத்தில் அவன் மெழுகுவர்த்தி செய்யும் ஒரு பகல்நேரப் பயிற்சிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். அது மூடப்பட்ட பிறகு பஸ் நிலையத்துப் பக்கம் போக ஆரம்பித்தான். சட்டைப்பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

நின்றுகொண்டிருக்கும் வண்டியின் முன்னால் குனிவான். திருகாணிகளைக் கழற்றுவான். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். விற்கவில்லை, உடைக்கவில்லை. அக்காவின் பழைய சேலையில் சுற்றி பீரோவில் வைத்துச் சாத்திவிடுவான். போலீஸ் வந்து கேட்டபோது அவனே பீரோவைத் திறந்து காட்டினான். சுவிட்சை மட்டும் அமுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

முதல் இரண்டு தடவையும் நீதிமன்றம் எச்சரித்து அனுப்பியது. மூன்றாவது தடவை நடந்தது வேறு. காலையில் ரெஜிஸ் பெட்டி கழற்றிய வண்டி, டிரைவர் கவனிக்காததால், மத்தியானம் வரை ஊமையாகவே ஓடியது. ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் கோயில்பிச்சைக்குக் கண் பார்வை மங்கல். காதை நம்பித்தான் ரோட்டைக் கடப்பார். அன்றைக்குக் காது அவரைக் கைவிட்டது. இடது கால் இரண்டாக ஒடிந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். டிரைவர் மேல் தனி வழக்கு போட்டார்கள். ரெஜிஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டான். இனி தண்டனை மட்டும்தான் பாக்கி.

வழக்கு மாஜிஸ்ட்ரேட் சண்முகவடிவிடம் வந்தது. ஐம்பதைத் தாண்டியவர், தனியாள், கோர்ட்டில் நாடகம் பிடிக்காதவர். சாட்சி அழுதால் அழுது முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். வக்கீல்கள் சுற்றி வளைத்துப் பேசும்போது காதை மூடாமலே காதை மூடிக்கொள்ளும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது.

அரசு வக்கீல் ஆவுடையப்பன் கொடூரமான ஆள் இல்லை. ரெஜிஸைப் பார்த்தால் தனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் ரோட்டில் போகிறவர்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். ஒருவன் திருந்துவான் என்று நம்புவதற்குச் செய்ததை நினைத்து அவன் வருந்த வேண்டும், இவரிடம் அது துளிகூட இல்லை என்றார். சட்ட உதவி வக்கீல் மறுத்தார். வருத்தம் இல்லை என்பதும் புரியவில்லை என்பதும் வேறு வேறு. இதுவரை யாராவது உட்கார்ந்து புரியவைத்தார்களா? காவலில் இருந்த வாரம் சிறைச் சத்தம் தாங்காமல், கொடுத்த சோற்றைச் சாப்பிடாமல் உருட்டிக் காதில் அடைத்துக்கொண்டவனை மறுபடியும் அங்கேயே அனுப்பினால் எந்தத் திருத்தம் நடக்கும்?

சண்முகவடிவு ரெஜிஸையே கேட்டார். "தம்பி, உங்களை வெளிய விட்டா மறுபடியும் பெட்டியைக் கழட்டுவீங்களா?"

ரெஜிஸ் நிதானமாக யோசித்தான். "சத்தம் போட்டாக் கழட்டுவேன்."

ஆவுடையப்பன் உட்கார்ந்துவிட்டார். அவருடைய வேலை முடிந்துவிட்டது. பின் பெஞ்சிலிருந்து ஜெனோவா எழுந்து நின்றாள்.

"அம்மா, அவனுக்குப் பொய் சொல்ல வராதும்மா. நானும் சொல்லிக் குடுத்துப் பாத்துட்டேன்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்து அடங்கியது. சண்முகவடிவு சிரிக்கவில்லை. முந்தின வருஷம் வந்த சட்டத்தைச் சட்ட உதவி வக்கீல் எடுத்து நீட்டினார். மூளை வளர்ச்சியில் வேறுபாடு உள்ளவர்களுக்குத் தண்டனை விதிக்கும் முன், நீதிபதி ஒரு காலைப்பொழுது அவர்களுடைய புலன்களை அணிந்துகொண்டு, குற்றம் நடந்த இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். மாவட்டத்தில் இதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. சண்முகவடிவுக்கு அது நாடகத்திலும் நாடகமாகப் பட்டது. ஆனால் சட்டம் சட்டம்தான்.

அந்தக் கருவிக்குப் புலன்மாற்றி என்று அரசாங்கம் பெயர் வைத்திருந்தது. எல்லோரும் தொப்பி என்றார்கள். பார்க்கவும் வெயிலுக்குப் போடும் துணித்தொப்பி மாதிரிதான் இருந்தது. அரசு மருத்துவமனையில் ரெஜிஸின் தலையில் அதை மாட்டி, அவன் எப்படிக் கேட்கிறான், எப்படிப் பார்க்கிறான் என்பதைப் பதிவு செய்து கொண்டுவந்தவள் ஷமீமா, தொப்பிகளைப் பராமரிக்கும் தொழில்நுட்ப உதவியாளர். பஸ் நிலைய வாசலில் காரை நிறுத்திவிட்டு அவள் நீதிபதிக்கு விளக்கினாள்.

"நம்ம மூளை வாசல்ல ஒரு காவக்காரன் உக்காந்திருப்பான் மேடம். இந்தச் சத்தம் வேணும், அது வேண்டாம்னு பாதியை வெளியவே நிறுத்திருவான். ஃபேன் ஓடுறது நமக்குக் கேக்காம இருக்குல்ல, அவனாலதான்."

"ரெஜிஸுக்கு?"

"அந்த ஆள் லீவு. பொறந்ததுலருந்தே லீவு. எல்லாம் உள்ள வரும், எல்லாம் ஒரே அளவுல வரும். தொப்பி போட்டா உங்க காவக்காரனையும் நாங்க வீட்டுக்கு அனுப்பிருவோம்."

சண்முகவடிவு தொப்பியை வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குள் நடந்தார். நிமிர்ந்த நடை. பெட்டிக்கடை வரைக்கும் அது நிமிர்ந்தே இருந்தது.

நாதஸ்வரம் இடது காதுக்குள் நுழைந்து வெளியே போக மறுத்தது. அதன்மேலேயே குழந்தை சிரித்தது. சிரிப்புக்கு நடுவே ஆடித் தள்ளுபடி. அது போதாதென்று, இத்தனை வருஷமாக இருக்கிறது என்றே தெரியாத சத்தங்கள் எல்லாம் எழுந்து வந்தன. டியூப்லைட் முனகியது. யாரோ பஜ்ஜி சுற்றிய காகிதத்தைக் கசக்கினார்கள், அது பல்லில் கூசியது. ஒரு பெண் பையின் ஜிப்பை இழுத்தாள், முதுகுத்தண்டில் இழுத்த மாதிரி இருந்தது. எது முன்னால், எது பின்னால், எது தன்னிடம் பேசுகிறது, எது பேசவில்லை என்று எதுவும் பிடிபடவில்லை. ஷமீமா ஏதோ கேட்டாள். வாய் அசைந்தது, வார்த்தை வந்து சேரவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாஜிஸ்ட்ரேட் சண்முகவடிவு ஓர் இளநீர் வண்டிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். எப்படி அங்கே போனார் என்று அவருக்கே தெரியவில்லை. இளநீர்க்காரர் பதறிப்போய் ஒரு காயைச் சீவினார். அந்த அரிவாள் சத்தம் அவரை அங்கிருந்தும் கிளப்பியது. எழுந்தவர் நேராக நாதஸ்வர வண்டியிடம் போனார். குனிந்தார். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துப் பிடுங்கப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவர் இல்லாததால் வரவில்லை.

ஷமீமா ஓடிவந்து கையைப் பிடிப்பதற்குள் கண்டக்டர் பார்த்துவிட்டார். ஆளை அடையாளம் தெரிந்து சல்யூட் அடித்தார்.

"அம்மா ஏதும் ஆய்வா?"

"ஆய்வுதான்," என்றாள் ஷமீமா. "நீங்க வண்டியை எடுங்க."

அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஷமீமா ஊருக்கு வெளியே உப்பளங்கள் பக்கம் ஓட்டினாள். சட்டப்படி தொப்பி மத்தியானம் வரை தலையில் இருக்க வேண்டும். சத்தமில்லாத இடமாவது இருக்கட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ரோட்டோரம் நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டாள். சண்முகவடிவு வரப்பில் இறங்கி நின்றார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு பாத்தியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மிக மெல்லிய, நொறுங்குகிற சத்தம். வெயிலில் உப்பு பூக்கும் சத்தம். ஒரு பாத்தியில் ஆரம்பித்து அடுத்ததற்குத் தாவி, கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெள்ளை வெள்ளையாகப் பொரிந்துகொண்டே போனது. இதே ரோட்டில் எத்தனையோ தடவை போயிருக்கிறார். மத்தியானம் ஆனபின்னும் அவர் தொப்பியைக் கழற்றவில்லை. ஷமீமாதான் பசிக்கிறது என்று நினைவூட்டினாள்.

அடுத்த விசாரணையில் சண்முகவடிவு பஸ் நிலையத்தில் பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னார். இளநீர் வண்டியைச் சொன்னார். பெட்டியைப் பிடுங்கப் போனதையும் மறைக்கவில்லை. உப்பளத்தை மட்டும் சொல்லவில்லை.

ஆவுடையப்பன் எழுந்தார். கோபமாகப் பேசவில்லை, ஆனால் விடவும் இல்லை. "மேடம், ரெஜிஸோட காதை நீங்க போட்டுப் பாத்துட்டீங்க. கோயில்பிச்சை சாரோட காலை யார் போட்டுப் பாக்கிறது?"

சண்முகவடிவு பேனாவை மூடி வைத்தார்.

"கேள்வி சரிதான்," என்றார். "அதையும் நானே போட்டுக்கிறேன்."

சட்டத்தில் அதற்கு இடம் இல்லை. கூடாது என்றும் இல்லை. கால் வலி காதைவிடச் சுலபம் என்று சொன்ன ஷமீமா, கோயில்பிச்சை வீட்டுக்குப் போய் வேறொரு தொப்பியில் அதைப் பதிவு செய்து கொண்டுவந்தாள். அடுத்த நாள் காலை முதல் சாயங்காலம் வரை, மாஜிஸ்ட்ரேட் கோர்ட் கோயில்பிச்சையின் இடது காலோடு நடந்தது. படியேறும்போது பியூன் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நாற்காலியில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உள்ளே இருக்கும் கம்பி தன் இருப்பைச் சொன்னது. சுற்றி வளைத்துப் பேச வந்த வக்கீல்கள், நீதிபதியின் முகத்தைப் பார்த்து, வந்த வேகத்தில் முடித்துக்கொண்டார்கள். அத்தனை வழக்குகள் ஒரே நாளில் முடிந்தது அந்தக் கோர்ட்டில் அதுதான் முதல் தடவை. மதியச் சாப்பாட்டுக்கு அவர் மேடையை விட்டு இறங்கவில்லை. சாயங்காலம் தொப்பியைக் கழற்றியபோது கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு அவர்தான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாய்தாவுக்குக் கோயில்பிச்சை ஊன்றுகோலுடன் வந்தார். வயதானாலும் தோள் அகலம் குறையாத ஆள். எல்லோரும் அவர் மன்னிப்பு வழங்கப்போகிறார் என்று எதிர்பார்த்தது போலிருந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்குத் தம்பி மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. நாப்பது வருஷம் புள்ளைகளை ஓட வச்சவன், இப்ப கக்கூஸுக்குப் போகணும்னா மகனைக் கூப்பிடுதேன். இவருக்கு என்ன வியாதின்னு எல்லாரும் சொல்லுதாவ. சரி. என் காலுக்கு என்ன ஆச்சுன்னு இவருக்கு யாரும் சொன்னியளா?"

யாரும் சொல்லியிருக்கவில்லை. எல்லோருக்கும் அது அப்போதுதான் உறைத்தது. அவனுக்காகப் பேசினார்கள், அவனை எதிர்த்துப் பேசினார்கள். அவனிடம் யாரும் பேசவில்லை.

அந்தத் தொப்பியை ரெஜிஸ் தலையில் வைத்து அவரது வலியைக் காட்டிவிடலாமே என்று ஆவுடையப்பன் யோசனை சொன்னார். ஷமீமா உடனே மறுத்தாள். காவல்காரன் இல்லாத தலைக்குள் அந்த வலி எவ்வளவு பெரிதாகப் போகும் என்று யாருக்கும் தெரியாது. ஜெனோவா எழுந்து தம்பியின் முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"வலி குடுக்கிறது கோர்ட்டோட வேலை இல்ல," என்றார் சண்முகவடிவு.

"அப்ப ஜெயில் என்ன மேடம்?" என்றார் ஆவுடையப்பன். ஏட்டிக்குப் போட்டியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். சண்முகவடிவு கோயில்பிச்சையைப் பேசச் சொல்லிக் கை காட்டினார்.

தொப்பி இல்லாமலே கோயில்பிச்சை சொல்லத் தொடங்கினார். ரெஜிஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்தான். வண்டி வந்தது ஏன் தெரியவில்லை என்று கேட்டான். கண் தெரியாது, சத்தம் கேட்டால்தான் தெரியும், அன்றைக்குச் சத்தம் இல்லை என்றார். ஏன் சத்தம் இல்லை என்று கேட்டான். அவர் பதில் சொல்லாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெஜிஸின் விரல்கள் சட்டைப்பொத்தானைத் திருகின. யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

"பெட்டி எங்க வீட்டுப் பீரோல இருந்துச்சு," என்றான் கடைசியில்.

"ஆமா."

"உங்களுக்குச் சத்தம் வேணும்."

"வேணும்யா."

"எவ்ளோ வேணும்?"

கோயில்பிச்சையிடம் இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. இவ்வளவு வேண்டியதில்லை என்றார். நாதஸ்வரம் எதற்கு, பின்னால் யாரோ வருகிறார்கள் என்று தெரிந்தால் போதும் என்றார்.

தீர்ப்பு அந்தப் பேச்சிலிருந்து வந்தது. திருட்டு திருட்டுதான், அது பதிவில் இருக்கும். ஆனால் சிறை இல்லை. இரண்டு வருஷம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். அரசு செலவில் பயிற்சியாளர் ஒருவர், காதை மூடும் நல்ல கவசம் ஒன்று. ஜெனோவாவுக்குப் பகல் வேலை தரும்படி துறைமுகத்துக்குப் பரிந்துரை. ரெஜிஸ் தினமும் பஸ் நிலையத்துக்குப் போய், கோயில்பிச்சைக்குக் கேட்கிற, தன்னைக் கொல்லாத ஒரு சத்தத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொரு பெட்டி காணாமல் போனால் சிறை.

இது தண்டனையா வேலைவாய்ப்பா என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"ரெண்டு வருஷம் தினமும் பஸ் நிலையம்," என்றார் சண்முகவடிவு. "தண்டனையா இல்லையான்னு அவரையே கேளுங்க."

கோயில்பிச்சை லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. காலையும் ஒடித்துவிட்டு வாத்தியார் வேலையும் பார்க்கச் சொல்கிறீர்களா என்றார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். அடிபட்டதிலிருந்து ரோட்டைக் கடக்கப் பயமாக இருக்கிறது. சாயங்காலம் தன்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும். கோபம் போகும்வரை தன்னோடு பேசக் கூடாது. ரெஜிஸுக்கு அந்தக் கடைசி நிபந்தனை மிகவும் பிடித்திருந்தது.

இருவரும் சத்தம் தேடினார்கள். பயிற்சியாளர் ஒரு சிறிய ஸ்பீக்கரும் நூற்றுக்கணக்கான ஒலிகளும் கொண்டுவந்தார். கோயில்மணி ரெஜிஸுக்கு ஆகவில்லை. தண்ணீர் சலசலப்பு கோயில்பிச்சைக்கு வேறு அவசரத்தை உண்டாக்கியது. ஆட்டுக்குட்டிச் சத்தத்தை இருவரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் சோதனை ஓட்டத்தில் வண்டியின் பின்னால் நாய்கள் ஓடின.

இரண்டாவது மாதம் கெட்ட நாள் ஒன்று வந்தது. புதிதாக ஒரு வண்டி சேவல் கூவிக்கொண்டு நிலையத்துக்குள் நுழைந்தது. ரெஜிஸின் கவசம் அன்றைக்கு வீட்டில் இருந்தது. கோயில்பிச்சை டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி வரும்போது சேவல் சத்தம் நின்றுபோயிருந்தது. பெட்டி ரெஜிஸ் கையில்.

அவர் முதலில் நினைத்தது, எல்லாம் வீண் என்று. ஆனால் ரெஜிஸ் வீட்டுப்பக்கம் திரும்பவில்லை. பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு வண்டியின் முன்னால் போய், இரண்டு கையையும் விரித்து நின்றான். டிரைவர் ஏறி உட்கார்ந்து விலகச் சொன்னார். அவன் விலகவில்லை. பயணிகள் இறங்கிவந்து திட்டினார்கள். ஒருவர் தள்ளினார். பக்கத்து வண்டியில் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது, ஆடித் தள்ளுபடி ஓடிக்கொண்டிருந்தது, கவசம் இல்லாத காதில் எல்லாம் விழுந்துகொண்டிருந்தன. அவன் முகமெல்லாம் கண்ணீர். கையை மட்டும் மடக்கவில்லை.

"வண்டியை எடுக்காதீங்க," என்றான் திரும்பத் திரும்ப. "பெட்டி இல்ல. சாருக்குக் கேக்காது."

கோயில்பிச்சை ஊன்றுகோலை வீசாத குறையாக வந்து அவன் பக்கத்தில் நின்றுகொண்டார். வேறு பெட்டி வந்து மாட்டும்வரை அந்த வண்டி நகரவில்லை. கோபம் எப்போது போனது என்று அவரிடம் பிற்பாடு யாரோ கேட்டபோது, போனதாக ஞாபகமில்லை, தேடினால் காணோம் என்றார்.

வண்டி முதலாளி புகார் கொடுத்தார். நிபந்தனையை மீறியதாகக் கண்காணிப்பை ரத்து செய்யக் கேட்டு மனு தயாரானது. அதைத் தாக்கல் செய்ய வேண்டியவர் ஆவுடையப்பன். தாளைக் கையில் வைத்துக்கொண்டு சண்முகவடிவின் முன்னால் எழுந்தார்.

"திருட்டுக்கு நேர்மையில்லாத எண்ணம் வேணும் மேடம்," என்றார். "முதல்லருந்தே இவர்கிட்ட அது இருந்துச்சான்னு எனக்கு இப்ப சந்தேகமா இருக்கு. அவர் ஒத்துக்கிட்டார்னு நாம யாரும் பாக்கல." பிறகு மனுவை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார்.

சத்தம் கடைசியில் கோயில்பிச்சையின் வீட்டு வாசலில் கிடைத்தது. மகன் ரப்பர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்து வந்தான். சரக், சரக். அவர் சட்டென்று திரும்பினார், ரெஜிஸ் முகம் சுளிக்கவில்லை. அதைப் பதிவு செய்து ஒரு வண்டியில் மாட்டினார்கள். பின்னால் செருப்புத் தேய்க்கும் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காத மனிதன் தூத்துக்குடியில் இல்லை. கடன் வாங்கியவர்கள் இன்னும் வேகமாக ஒதுங்கினார்கள். வருஷக் கடைசிக்குள் பாதி வண்டிகள் நாதஸ்வரத்தை விட்டுவிட்டுச் செருப்புக்கு மாறின. ஊர் மாமாக்கள் சாயங்கால நடை போவது மாதிரி மினிபஸ்கள் சரக் சரக்கென்று வந்துபோயின. ரெஜிஸ் ஒலிப்பெட்டி பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். கழற்றுவது அவனுக்கு நன்றாக வரும். மாட்டவும் கற்றுக்கொண்டான்.

ரெஜிஸின் பதிவு இருந்த தொப்பிக்கும் ஒரு விதி இருந்தது. வழக்கு முடிந்ததும் நீதிபதி அதைத் திருப்பித் தர வேண்டும், உள்ளே இருக்கும் பதிவை அழித்துவிட வேண்டும். பதிவு இன்னொருவருடைய புலன். அதை வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. ஷமீமா இரண்டு தடவை நினைவூட்டினாள். மேல்முறையீடு ஏதாவது வரலாம் என்று முதலில் சொன்னார் சண்முகவடிவு. பார்க்கலாம் என்று அப்புறம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனார். துணித்தொப்பி போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கும் ஓர் அம்மாவை யாரும் சந்தேகப்படவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெஜிஸ் வந்தான். ஜெனோவா ஸ்கூட்டரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். ரெஜிஸ் வரப்பில் நடந்து நேராக அவரிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல் தலையைப் பார்த்தான்.

"அது என்னோடது," என்றான்.

மறுத்துச் சொல்ல எத்தனையோ சட்டம் அவருக்குத் தெரியும். "ஆமா," என்றார். "திருப்பிக் குடுத்திருக்கணும். குடுக்கல."

"திருட்டு," என்றான் ரெஜிஸ். மழை வருகிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னான்.

"ஆமா தம்பி." தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினார். உப்பின் சத்தம் நின்றது. "இதைக் கேக்கத்தான் வச்சிருந்தேன். இவ்வளவு நல்லா எனக்கு எதுவும் கேட்டதில்ல."

ரெஜிஸ் தொப்பியை வாங்கி உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தான்.

"இதுல சரியாக் கேக்காது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கு எனக்குச் சளி. ரெண்டு காதும் அடைச்சிருந்துச்சு. ஷமீமா அக்காகிட்ட சொன்னேன். பரவாயில்லன்னாங்க."

சண்முகவடிவு அவனைப் பார்த்தார். பஸ் நிலையம் முழுக்க அவருடைய தலைக்குள் ஒருதரம் வந்துபோனது, இளநீர் வண்டியின் சக்கரம் வரைக்கும். அது அடைத்த காது. அதைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டேன் என்று கோர்ட்டில் சொல்லியிருந்தார். அதையும் வைத்துத்தான் தீர்ப்பு எழுதியிருந்தார்.

"அப்ப இங்க உனக்கு என்ன கேக்குது?" என்றார், முதல் தடவையாக ஒருமையில்.

"பேசாம இருந்தாத்தான் சொல்ல முடியும்."

அவர் பேசாமல் வரப்பில் உட்கார்ந்தார். அவருக்குக் காற்று மட்டும் கேட்டது. பக்கத்தில் ரெஜிஸ் தலையைச் சாய்த்து, பாத்தி பாத்தியாக, எதையோ முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.